மூட்டை விலையை விடுங்கள், மீனின் ஈரலைப் பாருங்கள்

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையில் உள்ள ஜொகூர் நீரிணையில், சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பக்கம் ஒரு மிதவைக் கூண்டுப் பண்ணையில் 2012 முதல் கொடுவா வளர்க்கிறேன். மலாய்க்காரர்கள் சியாக்காப் என்பது இந்த மீனைத்தான். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் படகில் ஏறியதுமே, "அண்ணே, எந்தத் தீவனம் மலிவு?" என்று கேட்பார்கள். "மீன் எடை ஒரு கிலோ கூடுறதுக்கு எத்தனை கிலோ தீவனம் போகுதுன்னு முதல்ல எழுதி வை தம்பி" என்பேன்.

ஊரில் சங்காயம் என்போமே, அந்தப் பொடிமீனை நறுக்கிப் போட்டுத்தான் நாங்களும் ஆரம்பித்தோம். கிலோ விலை குறைவு. ஆனால் மீன் எடை 1 கிலோ கூடுவதற்கு 6, 7 கிலோ சங்காயம் போனது, அதில் முக்கால் பங்கு தண்ணீர்தானே. ஆலையில் செய்து வரும் உலர்ந்த குருணைத் தீவனமான பெலட், நல்லதாக இருந்தால் ஒன்றரை முதல் 2 கிலோ போதும். அதோடு, தின்னாமல் விட்ட துண்டுகள் கூண்டுக்கு அடியில் அழுகி, தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைக்கும். சில வகைப் பச்சை மீனில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. அதையே தொடர்ந்து போட்டால் மீன் நிலை தவறிச் சுழன்று நீந்தும்.

பெலட் மூட்டையில் முதலில் புரத அளவைப் படியுங்கள். கொடுவா மற்ற மீன்களைத் தின்னும் இனம், அதற்கு 45 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும். திலாப்பியாவுக்கு 30 போதும். திலாப்பியா தீவனம் மலிவு என்று கொடுவாவுக்குப் போட்டால் மாதங்கள்தான் ஓடும், எடை ஏறாது.

அடுத்தது சேமிப்பு. ஒரு டிசம்பர் மழையில் எங்கள் கொட்டகையில் அடிவரிசை மூட்டைகள் ஈரமாகிவிட்டன. மேலாகக் காய்ந்திருந்ததால் நானும் போட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் மீன் கறுத்து, இரைக்கு மேலே வருவது குறைந்தது. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். செம்பழுப்பாக, ஓரம் கூர்மையாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறிய மஞ்சளாக இருந்தது. விரலால் அழுத்தினால் குழைந்தது, கையில் எண்ணெய் ஒட்டியது. அந்த நிறம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை, கூண்டுக்கு ஒரு மீனை அறுத்து ஈரலைப் பார்த்துவிடுவேன். நீங்களும் செய்யுங்கள், அந்த ஒரு மீன் நஷ்டமே இல்லை. மூட்டையைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள்; எண்ணெய் காறிய வாடையோ பூஞ்சை வாடையோ வந்தால், பாதி விலைக்கு வாங்கியதாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். பழைய தீவனத்தில் முதலில் போவது வைட்டமின் சி. குஞ்சுகளுக்கு அது குறைந்தால் முதுகெலும்பு வளையும், வளைந்தது நிமிராது.

குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு 4 வேளை, அரைக் கிலோ மீனுக்கு 2 வேளை. குஞ்சைப் பட்டினி போட்டால் பெரியது சின்னதை விழுங்கிவிடும், அதனால் வாரம் ஒரு முறை அளவு பார்த்துப் பிரித்து விடுங்கள். கையால் ஒவ்வொரு பிடியாக வீசுங்கள். முதல் பிடிக்குத் தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளும். பெலட் மிதந்தபடி நகரத் தொடங்கினால் நிறுத்திவிடலாம், வாளியில் மிச்சம் இருந்தாலும் சரி.

அப்புறம், தண்ணீர் நிறம் மாறும் நாட்கள். 2014-லும் 2015-லும் இந்த நீரிணையில் மிதவைப் பாசி பெருகிப் பல பண்ணைகளில் மீன் செத்து மிதந்தது. தின்ற மீனுக்குச் செரிக்கக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும், இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை இழுப்பதால் விடியற்காலையில் அது தண்ணீரில் மிகக் குறைவு. அதனால் எழுந்ததும் ஆக்சிஜன் மீட்டரைத்தான் தண்ணீரில் இறக்குவேன். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் காற்றுக் குழாயைத் திறந்துவிட்டு, தீவன வாளியை மூடியே வைத்திருப்பேன்.