பழைய பிஸ்டல் கூடுகளை ரீலோடு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுட்டு முடித்த பிஸ்டல் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து மறுபடி தோட்டாவாக்குவது அமெரிக்காவில் பலர் வீட்டு ஷெட்டிலேயே செய்யும் வேலை. இதில் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, வரிசை மாறுவதுதான். முதலில் டையில், அதாவது கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சில், விட்டு எடுப்போம், சோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். டை கூட்டின் வடிவத்தைத்தான் மீட்டுத் தரும். பலத்தைத் தராது. பலம் போனதற்கான அடையாளத்தையும் அதுவே அழித்துவிடும்.

அடிப்பக்க வீக்கம் இதற்கு நல்ல உதாரணம். பாயிண்ட் 40 காலிபரில் (குண்டின் விட்டம் 0.40 அங்குலம்) வந்த பழைய க்ளாக் பிஸ்டல்களில், சேம்பரின், அதாவது தோட்டா அமரும் அறையின், அடிப்பகுதியில் கூட்டுக்கு முழுத் தாங்கல் இல்லை. சுடும்போது அந்த இடத்தில் பித்தளை பிதுங்கிவிடும். சாதாரண டை அவ்வளவு கீழே எட்டாது என்பதால், கூட்டை முழுதாக உள்ளே தள்ளி மறுபக்கம் எடுக்கும் டையை வாங்குகிறார்கள். வெளியே வரும்போது பார்க்கப் புதிதுபோல இருக்கும், ஆனால் ஒருமுறை இழுபட்ட உலோகம் இழுபட்டதுதான். வீக்கம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலோ, அதன் ஓரத்தில் மடிப்பு இருந்தாலோ, தூக்கிப் போடுங்கள். 9 எம்எம் கூடு வாய்ப்பக்கம் சற்றுக் குறுகுவதால் இந்த வழி அதற்குச் சரிவராது.

வாயில் விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஒரு கைப்பிடி கூடுகளைக் குலுக்கினால், விரிசல் விட்டது கணீரென்று ஒலிக்காமல் தட்டையாகச் சத்தமிடும். உள்ளே எட்டிப் பார்ப்பதும் அவசியம். பாயிண்ட் 45 கூட்டுக்குள் பாயிண்ட் 40, அதற்குள் 9 எம்எம் என்று சிக்கியிருக்கும். சில 9 எம்எம் கூடுகளின் உட்சுவரில் ஒரு படி இருக்கும். கொள்ளளவு குறைவு, அந்தப் படியிலேயே பிளந்துபோவதும் உண்டு. அதனால் அவை வேண்டாம். அடியில் நடுவில் ஒரே துளை இல்லாமல் ஓரமாக இரண்டு இருந்தால் அது பெர்டான் வகை, பழைய பிரைமரை (அடியில் பொருத்தியிருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தள்ளி எடுக்கும் டையின் ஊசி உடையும். பித்தளைப் பூச்சுள்ள இரும்புக் கூடுகளைக் காந்தம் காட்டிக்கொடுக்கும்.

பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பாலிஷ் போடுவதும் தவறு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் விளங்கியது. வெறும் சோப்புத் தண்ணீர் போதும். கூடுகளை உருட்டித் தேய்க்கும் டம்ப்ளர் இயந்திரத்தில் உலர்முறையில் சுத்தம் செய்தால் பிரைமரின் ஈயத் தூசி பறக்கும். வீட்டுக்குள், அதுவும் குழந்தைகள் புழங்கும் இடத்தில், வேண்டவே வேண்டாம்.

டைக்கு வரும்போது, அதன் உள்வளையம் கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) என்றால் எண்ணெய் கட்டாயமில்லை, ஆனால் லேசாகத் தடவினால் கைக்கு வலி குறையும். சாதாரண எஃகு டையில் எண்ணெய் இல்லாமல் விட்டால் கூடு மாட்டிக்கொள்ளும். கார்பைடு வளையம், கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் இடித்தால் விரிசல் விட்டுவிடும், நூலிழை இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ராணுவக் கூடுகளில் பிரைமர் குழியைச் சுற்றி அழுத்திப் பிணைத்திருப்பார்கள். அதை நீக்காமல் புதுப் பிரைமரை அமுக்கித் திணிக்கக் கூடாது.

கடைசியாக, பிஸ்டலிலிருந்து பேரலைக் கழற்றி, அளவு செய்த காலிக் கூட்டை அதன் சேம்பரில் போட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே டக்கென்று இறங்கி, கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். 9 எம்எம் கூட்டின் நீளம் 19.15 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. விரலால் தள்ளினால்தான் இறங்குகிறது என்றால், அது குப்பைக்கு.