சனிக்கிழமை பந்துவீச்சும் திங்கட்கிழமை முதுகுவலியும்: நான் சரிசெய்த விதம்
வாரத்தில் ஐந்து நாள் கணினி முன் வேலை. சனிக்கிழமை நேராக மைதானம். வேகப்பந்து வீச்சாளனான எனக்கு அன்று 12 ஓவர், அதாவது 72 பந்துகள். திங்களன்று நாற்காலியில் உட்காரவே முடியாது, கீழ்முதுகு அப்படிப் பிடித்துக்கொள்ளும். மூன்று வாரம் ஓய்வெடுத்தேன். வலி போனது, அடுத்த ஆட்டத்திலேயே திரும்பி வந்தது.

மருத்துவரிடம் காட்டினேன். எலும்பில் விரிசல் இல்லை என்று உறுதியானது. (இந்தச் சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம், இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.) பந்தை வீசுகையில் முன்னால் வைக்கும் காலைத் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை தாக்குகிறது. ஐந்து நாள் அசையாதிருந்த முதுகின் மேல் அதைத் திடீரென 72 முறை ஏற்றியதே என் தவறு.

ஆகவே செவ்வாய் 24 பந்துகள், வியாழன் 30. முதல் இரண்டு வாரம் பாதி வேகத்தில்தான். அந்த இரு நாள் காலையிலும் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து மாலையில் ஈடுகட்ட மேலாளரிடம் அனுமதி கேட்டேன், உடனே தந்தார். கேட்கத் தயங்கி ஒரு பருவத்தையே இழந்தேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. தொடர்ந்து 4 ஓவருக்கு மேல் வேண்டாம் என்று அணித்தலைவரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆறாவது வாரம், ஆட்டத்துக்கு மறுநாள் காலை, வலியின்றிக் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன்.