ஹாலுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று: வீட்டுத் தரைக்கு எதைப் போடலாம்?

தரைக்குக் கல்லோ டைல்ஸோ பார்க்கக் கடைக்குப் போகும்போது ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கல் சாம்பிளின் பாலிஷ் பக்கத்தில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மட்டும் மங்கினால் அது சுண்ணாம்புக் கல் வகை. மார்பிள், கோட்டா, கடப்பா மூன்றும் இப்படித்தான் மங்கும். புளி கரைக்கிற வீட்டு அடுப்படிக்கு இவை ஆகாது. கிரானைட்டுக்குச் சாறு ஒன்றும் செய்யாது. ஆனால் வெளிர் நிறக் கிரானைட் எண்ணெய் குடிக்கும், உறிஞ்சுவதைத் தடுக்கும் சீலர் பூச்சு அடிக்க வேண்டும். கருப்புக் கிரானைட்டில் கால்தடம் அப்படியே தெரியும்.

தண்ணீர் டைல்ஸுக்கு. பின்பக்கத்தில் ஊற்றினால் செராமிக் உறிஞ்சிவிடும், விட்ரிஃபைடில் அப்படியே நிற்கும். விட்ரிஃபைடு உறிஞ்சுவது அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் கீழே. தரைக்கான செராமிக் 3 முதல் 6 சதவீதம் வரை உறிஞ்சும். கறை ஏறாமல் விட்ரிஃபைடைக் காப்பாற்றும் இந்தக் குணமே ஒட்டும்போது வில்லனாகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

விட்ரிஃபைடிலும் வகை உண்டு. டபுள் சார்ஜில் மேல் நிறம் 3 மி.மீ. ஆழம் வரை இருக்கும், கீறல் விழுந்தாலும் எளிதில் தெரியாது. கிளேஸ்டு வகையில் டிசைன் வெறும் மேல்பூச்சு. மரம், மார்பிள் என்று எப்படி வேண்டுமானாலும் கிடைக்கும், ஆனால் நாற்காலி இழுபடும் இடத்தில் சீக்கிரம் தேயும். ஆள் நடமாட்டம் மிகுந்த ஹாலுக்கு டபுள் சார்ஜ், படுக்கையறைக்குக் கிளேஸ்டு என்று பிரித்துக்கொள்வது நல்லது. குளியலறைக்கும் போர்ட்டிகோவுக்கும் மேட் ஃபினிஷ் மட்டும்தான். பளபளப்பு வேண்டுமென்று அங்கே அடம்பிடித்தால் வழுக்கி விழுவது வீட்டுப் பெரியவர்கள்தான்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாதது. கண்ணாடித் தட்டின் மேல் சிமென்ட், மணல், ஆக்ஸைடு நிறங்களைக் கொண்டு கையால் வார்த்துத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கத் துடைக்க மெருகேறும். கூடம், பூஜையறைக்கு அழகு. வெயிலும் மழையும் நேராக அடிக்கும் இடத்தில் நிறம் வெளிறும். ரெட் ஆக்ஸைடு தரை செலவு குறைவு, ஆனால் தேர்ந்த கொத்தனார் கிடைக்காவிட்டால் வெடிப்புதான் மிஞ்சும். லேமினேட் மரத்தரையின் உள்ளிருப்பது அழுத்திய மரத்தூள், ஈரம் பட்டால் உப்பும். ஓதம் ஏறும் தரைத்தளத்தில் நினைக்கவே வேண்டாம்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2க்கு 2 என்று சொல்லும் டைல் உண்மையில் 600 மி.மீ. சதுரம். நாலு டைல் பெட்டி 16 சதுர அடி அல்ல, 15.5. கணக்கைப் பாருங்கள்: 10க்கு 12 அறைக்குத் தரை 120 சதுர அடி. சுற்றளவு 44 அடியில் கதவுக்கு 3 அடி போக, சுவரடியில் ஒட்டும் 4 அங்குல ஸ்கர்ட்டிங் பட்டைக்கு 14. வெட்டில் வீணாவது 7 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 143. பெட்டியை 16 என்று எண்ணினால் 9 போதும் போலத் தோன்றும். உள்ளே இருப்பது 139.5 தான், 10 பெட்டி வேண்டும். குறைந்த ஒரு பெட்டியைப் பிறகு வாங்கினால் பேட்ச் மாறி ஷேடு இடிக்கும். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று இறக்கும்போதே பாருங்கள்.

இனி அந்த வில்லன். விட்ரிஃபைடின் முதுகு சிமென்ட் பாலைக் குடிக்காததால் பிடிப்பு வராது. டைல் பசைதான் சரி. முதலில் 1க்கு 4 சிமென்ட்-மணல் கலவையில் 20 மி.மீ. தளம் போட்டு, ரசமட்டம் பார்த்து, காயவிட வேண்டும். பிறகு பல் கரண்டியால் பசையை முழுக்க இழுத்து ஒட்ட வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கும் வேலையை அனுமதிக்காதீர்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும், சிலிண்டரை இறக்கினால் மூலை உடையும். முதல் டைலை ஒட்டியதும் ஒருமுறை பெயர்த்துப் பாருங்கள், முதுகு முழுக்கப் பசை அப்பியிருக்க வேண்டும்.

டைலுக்கு டைல் 2 மி.மீ. ஸ்பேசர், சுவரோரம் 5 மி.மீ. இடைவெளி. சுவரோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். இந்த இடைவெளிகள் இல்லாமல் நெருக்கி ஒட்டினால், விரியும்போது போக இடமின்றி நடு ஹாலில் டைல்கள் கூடாரம் போல எழும்பும். குளியலறையில் 5 அடிக்கு முக்கால் அங்குலம் வாட்டம் வேண்டும்.

வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது வழக்கம். மார்பிள், கோட்டா, கடப்பா, ஆத்தங்குடி நான்கையும் அது அரித்துவிடும், டைல்ஸ் இடுக்கை அடைக்கும் க்ரவுட்டையும் தின்னும். கறையை ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கடைசிக் கூலியைக் கொடுக்கும் முன் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலின் மூலையையும் தட்டுங்கள். பொந்துச் சத்தம் வருவதில் சாக்பீஸால் குறி போட்டு, அவற்றை மாற்றிய பிறகு கணக்கை முடியுங்கள்.