பாகங்கள் சரி, பொருள் மட்டும் ஏன் சரியில்லை? சிறு குழுக்களுக்கான அமைப்புப் பொறியியல், படிப்படியாக

சென்சார் துல்லியமாக அளக்கிறது. சர்க்யூட் போர்டு எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது. மென்பொருளிலும் பிழை இல்லை. ஆனால் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூடியதும் பேட்டரி சொன்ன காலத்துக்கு வெகு முன்பே தீர்ந்துவிடுகிறது. தனித்தனியாக யாரும் தவறு செய்யவில்லை. பாகங்களுக்கு இடையே நடப்பதற்குத்தான் பொறுப்பாளர் இல்லை. அமைப்புப் பொறியியலின் வேலை அங்கேதான் இருக்கிறது. விண்கலம் செய்பவர்களுக்கு மட்டும் உரிய துறை என்று இதை ஒதுக்காதீர்கள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கும் இது கட்டாயம் தேவை.

எங்கள் குழு செய்த கருவியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: தடுப்பூசிப் பெட்டிக்குள் வைக்கும் வெப்பநிலைக் கண்காணிப்புக் கருவி. பல தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் கருவி எச்சரிக்க வேண்டும். ஒரே பேட்டரியில் ஓராண்டு ஓடவும் வேண்டும்.

படி 1: தேவைகளை எழுதுங்கள்

"பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும்" என்பது ஆசை. "5 டிகிரி வெப்பநிலையில், மணிக்கு ஒரு முறை தரவு அனுப்பும்போது, கருவி 365 நாள் இயங்க வேண்டும்" என்பது தேவை. ஒவ்வொரு வரியையும் எழுதியவுடன் "இதை எப்படிச் சோதிப்பேன்?" என்று கேளுங்கள். பதில் வராத வரியைத் திருத்தி எழுதுங்கள்.

வாக்கிய அமைப்புக்கு 'இயர்ஸ்' முறையைப் பரிந்துரைக்கிறேன். ரோல்ஸ் ராய்ஸில் அலிஸ்டர் மேவினும் சகாக்களும் உருவாக்கி 2009இல் வெளியிட்டது. என்ன நடந்தால், எந்தக் கருவி, என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுத வைக்கிறது. விரும்பாதவை நடந்தால் என்ன செய்வது என்பதற்கும் அதில் தனி வடிவம் உண்டு: "சென்சார் இணைப்பு அறுந்தால், கருவி 1 நிமிடத்துக்குள் பிழை விளக்கை எரிய விட வேண்டும்." இத்தகைய வரிகளைப் பெரும்பாலான குழுக்கள் எழுதுவதே இல்லை.

படி 2: மின்சாரத்தைப் பங்கிடுங்கள்

பேட்டரி 2400 மில்லி ஆம்பியர் மணி. குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதால் 20 சதவீதத்தை ஒதுக்கிவிடுங்கள். மீதி 1920. ஓராண்டுக்கு 8760 மணி நேரம். வகுத்தால், சராசரியாக 219 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் கருவி எடுக்கக் கூடாது. சென்சாருக்கும் உறக்க நிலைக்கும் 15, திரைக்கு 20. ரேடியோ மணிக்கு 5 விநாடி 120 மில்லி ஆம்பியர் எடுத்தால், சராசரி 167. மொத்தம் 202. இடம் இருக்கிறது.

படி 3: இடைமுக அட்டவணை

ஒரு பாகம் இன்னொன்றோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் இடம்தான் இடைமுகம். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எங்களை அதிக நாள் நிறுத்திவைத்ததும் இதுதான்.

பாகங்களின் பெயர்களை ஒரு கட்ட அட்டவணையின் மூலைவிட்டத்தில் எழுதுங்கள். ஒரு பாகம் கொடுப்பது அதன் வரிசையில் வரும், பெறுவது அதன் நெடுவரிசையில் வரும். 'என்-ஸ்கொயர்' அட்டவணை என்பார்கள். ஐந்து பாகங்கள் என்றால், மூலைவிட்டம் போக 20 கட்டங்கள். கொடுக்கல் வாங்கல் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து விஷயங்களைப் பதியுங்கள்: எது போகிறது, எந்த அலகில், எந்த எல்லைக்குள், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை, வராமல் போனால் என்ன செய்வது.

அலகு அற்பமாகத் தோன்றும். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது இதனால்தான். ஒரு மென்பொருள் உந்துவிசைத் தரவைப் பவுண்டு-விநாடியில் கொடுத்தது, அதைப் பெற்றது நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. எல்லை என்ற விஷயத்துக்கு உதாரணம், 1996இல் முதல் பயணத்திலேயே சிதறிய ஏரியான் 5 ராக்கெட். ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடிய நிரலையே அதில் பயன்படுத்தினார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த மதிப்பு, நிரலில் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை.

எங்கள் கருவியின் சிக்கல் ஐந்தாவது விஷயத்தில், அதாவது 'வராமல் போனால் என்ன செய்வது' என்பதில் இருந்தது. சிக்னல் கிடைக்காவிட்டால் ரேடியோ எவ்வளவு நேரம் முயல வேண்டும்? அந்தக் கட்டம் காலியாக இருந்தது. உலோகப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் நலிகிறது. மென்பொருள் விடாமல் முயல்கிறது. 5 விநாடி 10 ஆனாலே ரேடியோவின் சராசரி 333க்கு ஏறுகிறது, மொத்தம் 368. கருவியின் ஆயுள் சுமார் 217 நாளாகச் சுருங்குகிறது. பேட்டரியை மாற்றுவதற்குப் பதில் கட்டத்தை நிரப்பினோம்: "6 விநாடிக்குள் இணைப்பு கிடைக்காவிட்டால் தரவைச் சேமித்துவிட்டு உறங்கு, அடுத்த மணியில் சேர்த்து அனுப்பு." 6 விநாடிக்குச் சராசரி 200, மொத்தம் 235. வரம்பைத் தாண்டுகிறது. எனவே எப்போதும் எரிந்துகொண்டிருந்த திரையை, பொத்தானை அழுத்தினால் மட்டும் எரிய வைத்தோம். ரேடியோவின் பிரச்சினைக்குத் திரையில் தீர்வு கிடைத்தது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். தனித்தனி அறைகளில் உட்கார்ந்து யோசித்திருந்தால் இது யாருக்கும் தோன்றியிருக்காது.

படி 4: சோதனையை இணையுங்கள்

ஒவ்வொரு தேவைக்கும் எதிரே சோதனை, கணக்கீடு, நேரடி ஆய்வு, இயக்கிக் காட்டுதல் ஆகிய நான்கில் ஒன்றை எழுதுங்கள். 365 நாள் காத்திருக்க முடியாது. 5 டிகிரியில் ஒரு நாள் மின்னோட்டத்தை அளந்து கணக்கிடலாம். எழுதியபடி செய்தோமா என்பது ஒரு கேள்வி. பயன்படுத்துபவருக்கு உதவுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குத் தடுப்பூசி போடும் செவிலியரிடம் கருவியைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த மென்பொருள்? ஒரு விரிதாள் போதும். டோர்ஸ் போன்ற, தேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான தேவைகள் உள்ள இடத்துக்கு உரியவை. அமைப்புகளைப் படமாக வரைந்து காட்டும் சிஸ்எம்எல் மொழியின் வரைபடங்களைப் பிறகு கற்கலாம். படம் வரைவதிலேயே முதல் மாதத்தைக் கழிக்காதீர்கள்.

சேர்க்கை: இடைமுகக் கட்டத்தை யார் எழுதுவது என்று பலர் கேட்டிருந்தார்கள். கொடுப்பவர் எழுதட்டும், பெறுபவர் கையெழுத்திடட்டும். மாற்ற வேண்டுமானால் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

இன்னொரு சேர்க்கை: ஒரு வாசகர் நடுவில் ஒரு தேவையை நீக்கிவிட்டு வரிசை எண்களை மாற்றியதால், சோதனைகள் எல்லாம் தவறான வரிகளைச் சுட்டத் தொடங்கிவிட்டன. தேவைக்குக் கொடுத்த எண்ணை ஒருபோதும் மாற்றாதீர்கள். நீக்கிய தேவையின் எதிரே "நீக்கப்பட்டது" என்றும் காரணத்தையும் எழுதிவிட்டு, எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள்.