ஒரே சேட்டை, வேறு வேறு காரணம்: எந்தப் பிள்ளைக்கு எப்படிக் கண்டிப்பு?

கணக்குப் பாடம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பையன் மேசையில் பென்சிலைத் தட்டுகிறான். அதட்டினால் பக்கத்து மேசை சிரிக்கிறது, அவனும் சிரிக்கிறான். மறுநாள் இன்னொருவன் அதே தட்டு தட்டுகிறான். "வெளியே போய் நில்" என்றதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி. முதலாமவன் தேடியது வேடிக்கை பார்க்க ஆள். இரண்டாமவன் தேடியது கணக்கிலிருந்து தப்பிக்க வழி. இருவருமே கேட்டதை வாங்கிக்கொண்டார்கள். நாளைக்கும் தட்டுவார்கள்.

அதனால் முதலில் குறிப்பெடுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள். ஐந்து பள்ளி நாள் எழுதினால் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். 'அடங்காதவன்' என்று எழுதினால் பயனில்லை. '10.20, கழித்தல் கணக்கு தந்ததும் நோட்டை மூடினான்' என்பதுதான் குறிப்பு.

காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். காது மந்தமான பிள்ளை 'சொல்பேச்சு கேட்காத' பிள்ளையாகத்தான் தெரியும். சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும் பிள்ளையைப் பகல் கனவு காண்கிறான் என்று திட்டாதீர்கள். அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்க்க வேண்டும்.

கவனம் தேடும் பிள்ளையின் சிறு சேட்டைக்கு முகம் கொடுக்காதீர்கள். அவன் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்போது போய்ப் பேசுங்கள்: "மூன்று கணக்கையும் நீயே முடித்துவிட்டாயே." வெறும் 'வெரி குட்' இந்த வேலையைச் செய்யாது. இங்கே பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான். கண்டுகொள்ளாமல் விட்டதும் சேட்டை உடனே குறையாமல், முதலில் கூடவும் செய்யலாம். நான்காம் நாள் பொறுமை இழந்து ஒரு சத்தம் போட்டுவிட்டால், 'இன்னும் பலமாகத் தட்டினால் பலிக்கும்' என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும். கடைசிவரை தாக்குப்பிடிக்க முடியாது என்றால் இந்த வழியைத் தொடவே வேண்டாம். அடிதடிக்கும் ஆபத்தான செயலுக்கும் இது பொருந்தவே பொருந்தாது; அங்கே உடனே தடுக்க வேண்டும்.

தப்பிக்கப் பார்ப்பவனை வெளியே அனுப்பாதீர்கள். பத்துக் கணக்கை மூன்றாகக் குறையுங்கள், முதல் கணக்கைக் கூடவே இருந்து போடுங்கள். 'இரண்டு நிமிடம் இடைவேளை வேண்டும்' என்று கேட்க ஒரு அட்டை கொடுங்கள். இடைவேளை முடிந்ததும் விட்ட கணக்குக்கே திரும்ப வேண்டும். இது இல்லையென்றால் அட்டையும் தப்பிக்கும் வழிதான்.

கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைக்கு வார இறுதியில் தரும் பரிசு வெகுதூரம். பாராட்டோ திருத்தமோ அந்த நிமிடமே வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. நோட்டு விநியோகம், கரும்பலகை துடைப்பது போன்ற, எழுந்து நடக்கும் வேலைகள். விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது மட்டும் வேண்டாம்: உடம்பு அசைய வழியில்லாமல் போனால் அடுத்த வகுப்பில் அது உங்கள் தலையில்தான் விடியும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் 'என் கண்ணைப் பார்த்துப் பேசு' என்று வற்புறுத்தக் கூடாது. அன்றைய வேலைகளைப் படவரிசையாக ஒட்டிவைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் அது அடமல்ல, இரைச்சல் தாங்கவில்லை என்று பொருள். பேச்சைக் குறைத்து, அமைதியான மூலைக்கு அழைத்துப் போங்கள்.

பதின்வயதினரை நண்பர்கள் முன்னால் கண்டிப்பது வீண் வம்பு. அங்கே தோற்க எந்தப் பிள்ளையும் தயாராக இருக்காது. அருகில் போய்த் தாழ்ந்த குரலில் இரண்டு வாய்ப்பு சொல்லுங்கள்: "இங்கேயே முடிக்கிறாயா, முன் இருக்கைக்கு வருகிறாயா?" சொன்னதும் நகர்ந்துவிடுங்கள். தலைமாட்டில் நின்றால் அது மல்யுத்தமாகிவிடும்.

பரிசு விஷயத்தில் கை கொஞ்சம் இறுக்கம் நல்லது. படம் வரைவதை விரும்பிய சிறு பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தபோது, பிறகு அவர்களுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்ததை லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1973-இல் காட்டினார்கள். தானாகச் செய்வதற்கு நட்சத்திரம் ஒட்டாதீர்கள்.

எந்த வழியை எடுத்தாலும் தொடங்குமுன் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணி வையுங்கள். மூன்று வாரம் ஒரே சீராகச் செய்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் காரணத்தைத் தவறாகக் கணித்திருக்கிறீர்கள். குறிப்புத் தாளின் மூன்றாம் பத்தியை மறுபடி படியுங்கள். ஆசிரியர் செய்தது அங்கே ஒழுங்காக எழுதியிருக்கும். பக்கத்து மேசை சிரித்தது விட்டுப்போயிருக்கும்.