லெஜெண்டா, சாதா ஜி.டி.யா? செகண்ட் ஹேண்ட் போலோ எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

எடை குறைவாக இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி கூடவே வர வேண்டும், மிதித்தால் தயங்காமல் பாய வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்து நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறவர்களில் நிறையப் பேர் கடைசியில் வந்து நிற்பது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில்தான். இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் இங்கே கண்ணில் படுவதே அபூர்வம், கிடைத்தாலும் ஒரு கண்ணாடி உடைந்தால் ஸ்பேருக்கு அலைய முடியாது. போலோ சுமார் 1,100 கிலோ எடை, 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 110 பி.எஸ். (குதிரைத்திறன்), 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வளைவுகளில் ஒரு தடவை ஓட்டியவர்களுக்கு மற்றதை விளக்க வேண்டியதில்லை.

2010இல் இந்தியாவுக்கு வந்த போலோவை 2022இல் நிறுத்தினார்கள். நிறுத்துகிற நேரத்தில், அந்த ஆண்டு ஏப்ரலில், 'லெஜெண்ட் எடிஷன்' என்று 700 வண்டி மட்டும் விட்டார்கள். ஷோரூம் விலை 10.25 லட்சம். இப்போது பழைய வண்டிச் சந்தையில் அந்த 700 என்கிற எண்ணைச் சொல்லித்தான் விலையை ஏற்றுகிறார்கள். என் சித்தப்பா மகன் மஸ்கட்டிலிருந்து 40 நாள் லீவில் வந்தபோது ஒரே வாரத்தில் இரண்டு வண்டி பார்த்தோம். திருவனந்தபுரத்தில் ஒரு லெஜெண்ட், கருங்கல் பக்கம் 2021 மாடல் சாதா ஜி.டி. கேட்ட விலையில் ஒன்றரை லட்சம் வித்தியாசம். அந்த ஒன்றரை லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அவனைப் போலவே லீவு முடிவதற்குள் வண்டி எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் நம்ம ஊரில் நிறைய.

லெஜெண்டில் கூடுதலாக இருப்பது இவ்வளவுதான்: ஃபெண்டரில் 'லெஜெண்ட்' எழுத்து, பக்கவாட்டில் பாடி கிராஃபிக்ஸ், டிக்கியில் கறுப்புப் பட்டை, கூரையில் கறுப்பு ஃபாயில் (ஒட்டும் வினைல் தாள்). இன்ஜின் அதே இன்ஜின், கியர்பாக்ஸ் அதே 6 ஸ்பீடு டார்க் கன்வெர்டர் ஆட்டோமேட்டிக், பவரும் டார்க்கும் அதே. கண்ணைக் கட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் எந்த வண்டி எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இந்த இரண்டுக்கும் இடையில் தேர்வு என்பது எந்த எடிஷன் என்பதே அல்ல, எந்த வண்டி நன்றாக இருக்கிறது என்பதுதான்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'ஜி.டி. டி.எஸ்.ஐ.' என்று போட்டிருந்தால் எல்லாம் ஒரே வண்டி இல்லை. 2013 முதல் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்கிற புகை விதி) வரும் வரை விற்றது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 105 பி.எஸ்., அதில் 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). 2020இல் பி.எஸ். 6 வந்த பிறகுதான் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டரும் டார்க் கன்வெர்டரும். பழைய 1.2 ஓட்ட அருமை, ஐடிலில் நிற்கும்போது அதிர்வே தெரியாது, கியர் மாறுவது கண் சிமிட்டும் நேரம். ஆனால் அந்த டி.எஸ்.ஜி. உலர் கிளட்ச் வகை. டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து சூடாகும், கியரை மாற்றும் கன்ட்ரோல் யூனிட்டான மெக்கட்ரானிக்ஸ் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். ஆகவே லெஜெண்டோடு ஒப்பிட வேண்டியது 2020 முதல் 2022 வரை வந்த சாதா ஜி.டி.யைத்தான். 2015 மாடல் விலையைக் காட்டி 'லெஜெண்ட் எவ்வளவு பிடித்து நிற்கிறது பாருங்கள்' என்று புரோக்கர் சொன்னால் அந்தக் கணக்கு தப்பு.

லிமிடெட் எடிஷன் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 2016இல் வந்த போலோ ஜி.டி.ஐ. உண்மையிலேயே வேறு வண்டி. 1.8 லிட்டர், 192 பி.எஸ்., மூன்று கதவு, முழுதாக இறக்குமதி, இந்தியாவுக்கு 99 வண்டிதான் என்று அறிவித்து 25.99 லட்சத்துக்கு விற்றார்கள். அங்கே கூடுதல் பணம் இரும்புக்குப் போகிறது, ஸ்டிக்கருக்கு இல்லை. இருந்தாலும் அந்தக் கதவும் பின்பக்கக் கண்ணாடியும் நம்ம ஊர் ஐந்து கதவு போலோவோடு சேராது. ஒரு சின்ன இடி வாங்கினாலே மாதக்கணக்கில் வண்டி நிற்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு எடுப்பவர்கள் எடுக்கட்டும்.

சரி, லெஜெண்ட் உண்மையான லெஜெண்டா? ஸ்டிக்கர் கடைக்குப் போனால் அரை நாளில் எந்த போலோவையும் லெஜெண்ட் ஆக்கிவிடலாம், அதனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள். 2022 ஏப்ரலுக்கு முன்னால் ரெஜிஸ்டர் ஆன வண்டி லெஜெண்டாக இருக்க வாய்ப்பே இல்லை. உற்பத்தி மாதமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். அப்புறம் முதல் ஓனருக்கு ஷோரூம் கொடுத்த ஒரிஜினல் இன்வாய்ஸ் கேளுங்கள், அதில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சேசிஸ் நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் சர்வீஸ் விவரத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். விற்கிறவர் சேசிஸ் நம்பரைத் தர மறுத்தால் நான் அந்த வண்டியைப் பார்க்கவே போக மாட்டேன்.

கூரை ஃபாயிலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த எடிஷனில் முதலில் கெடுகிற பொருள் அதுதான். திருவனந்தபுரத்து வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தபோது மின்னியது. பக்கத்தில் போய் முன் கண்ணாடிக்கு மேலே இடது மூலையில் விரலை வைத்து இழுத்தேன், நகம் நுழைகிற அளவுக்கு ஃபாயில் தூக்கியிருந்தது, அதன் அடியில் மூக்குப்பொடி நிறத்தில் தூசி ஒரு கோடாகப் படிந்திருந்தது. ஆன்டெனா பக்கம் மூன்று குமிழ். கட்டை விரலால் அமுக்கினால் உள்ளே ஈரம் நகர்வது தெரிந்தது. இது எந்த ஷோரூம் விளக்குக்கு அடியிலும் தெரியாது, காலை வெயிலில் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும். நம்ம வெயிலுக்கு வினைல் ஃபாயில் சுருங்கி ஓரம் விடுவது இயல்பு, அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். ஆனால் அந்தக் கூரை ஒரு தடவை மறு பெயிண்ட் அடித்ததாக இருந்தால் ஃபாயிலை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்தே வந்துவிடும். பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரானுக்குள் இருக்கும், ஃபாயிலின் மேல் வைத்தால் அதோடு இன்னொரு சுமார் 100 கூடிக் காட்டும். அது தப்பில்லை. கூரை முழுக்க ஒரே மாதிரி காட்டுகிறதா, ஓர் இடத்தில் மட்டும் எகிறுகிறதா என்பதுதான் கேள்வி. கூரையைத் தாங்கும் முன் தூண் இரண்டிலும் கட்டாயம் வைத்துப் பாருங்கள். அங்கே டிங்கரிங் தெரிந்தால் வண்டி பெரிய அடி வாங்கியது என்று அர்த்தம்.

அடுத்தது அடிப்பாகம். எங்கள் மெக்கானிக் அண்ணன் அன்றைக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேல உள்ள ஸ்டிக்கருக்கு பைசா குடுக்காத மக்கா, மொதல்ல அடியில குனிஞ்சு பாரு." குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் வீட்டு முற்றத்தில் திறந்தவெளியில் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்று என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம். போலோவின் பாடித் தகடு சீக்கிரத்தில் துருப்பிடிக்காது, அதை நம்பி நாம் ஏமாந்துவிடுகிறோம். துரு வருவது சப்ஃபிரேம் போல்ட், லோயர் ஆர்ம் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை), பிரேக் பைப் சேரும் இடம், சைலன்சர் ஜாயிண்ட், ஸ்டெப்னி கிடக்கும் குழி. ராம்பில் ஏற்றி டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். போல்ட் தலை அறுகோணம் தெரியாமல் உருண்டு போயிருந்தால் நாளைக்கு ஒரு ரப்பர் புஷ் மாற்றக்கூட கேஸ் வைத்து வெட்ட வேண்டி வரும். கல்ஃபிலிருக்கும் ஓனருடைய வண்டி 'ஓடவே இல்லை, 14,000 கிலோமீட்டர்தான்' என்று வரும், அதில் கிலோமீட்டரை விட நின்ற இடம் முக்கியம். ஷெட்டுக்குள் நின்றதா, தென்னை மரத்தடியில் நின்றதா என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் தயாரித்த வாரமும் ஆண்டும் இருக்கும், '1822' என்றால் 2022ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். ஓடாமல் நின்ற டயர் தேயாமலே வெடிப்பு விட்டிருக்கும். 195/55 ஆர் 16 டயர் நாலும் மாற்றினால் 25 ஆயிரத்துக்குக் குறையாது.

கேரளத்திலிருந்து வரும் வண்டி என்றால் தண்ணீரில் முங்கியதா என்றும் பார்க்க வேண்டும். பழைய 1.2 என்றால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள், 2021 நவம்பரில் நம்ம மாவட்டத்திலேயே வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. சீட் பெல்ட்டை முடிகிற வரைக்கும் வெளியே இழுங்கள், கடைசி ஒரு சாணில் சேற்றுக் கறை இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்குக் காலையிலேயே, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங்கில் எதையோ மறைக்கப் பார்க்கிறார்கள். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் லேசான அதிர்வு இருக்கும், அது சகஜம். மீட்டரில் ஈ.பி.சி. விளக்கு (இன்ஜின் பவர் கன்ட்ரோலில் கோளாறு என்று காட்டுவது) ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது திடீரென முழுதாக மிதியுங்கள், ஆட்டோமேட்டிக் கியரைக் குறைத்துக்கொண்டு வெட்டு இல்லாமல் இழுக்க வேண்டும். பிறகு ஏதாவது மோசமான ரப்பர் தோட்டத்து ரோட்டில் ஏ.சி., பாட்டு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 20 வேகத்தில் போங்கள். முன்னால் 'டக் டக்' என்று கேட்டால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது லிங்க் ராட், போலோவுக்கு இது தெரிந்த சீக்குதான், விலையில் கழிக்கச் சொல்லலாம். ஏ.சி. கூலிங் காயில் கசிவதும் அப்படியே. டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டியிருப்பதால் கூலி அதிகம், ஆகவே ஏ.சி.யை அரை மணியாவது தொடர்ந்து ஓட விடுங்கள். கடைசியாக நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வரைக்கும் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். காற்றாடிகள் சுற்றுகிற அந்தக் கணவாய்க் காற்றில் வண்டி லேசாகத் தள்ளப்படும், தள்ளினாலும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர வேண்டும். வராவிட்டால் அலைன்மெண்ட், அல்லது அடி வாங்கிய ஃபிரேம்.

பேப்பர் வேலையில்தான் லெஜெண்ட் கணக்கு எங்களுக்குக் கடைசியாக உடைந்தது. கேரள வண்டியை நம்ம மாவட்டத்து நம்பரான டி.என். 74க்கோ 75க்கோ மாற்ற, ஃபாரம் 28 கொடுத்து அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்கிற சான்று) வாங்க வேண்டும், இங்கே லைஃப் டாக்ஸ் திரும்பவும் கட்ட வேண்டும், அங்கே மீதியுள்ள வரியைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் நம்பர் மாற்றியே ஆக வேண்டும், 'அப்படியே ஓட்டிக்கோ' என்கிற பேச்சை நம்பாதீர்கள். லோன் இருந்திருந்தால், அது முடிந்ததைக் காட்டும் ஃபாரம் 35ம் பேங்க் கடிதமும் வாங்காமல் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள். லெஜெண்ட் விலைக்கு மேல் இந்த வரியையும் சேர்த்தபோது வித்தியாசம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிப் போனது.

என் கணக்கு இது. நிலைமை, கிலோமீட்டர், ஓனர் எண்ணிக்கை எல்லாம் சமம் என்றால் லெஜெண்டுக்கு 30 ஆயிரம் வரைக்கும் கூடக் கொடுப்பேன், ஃபாயில் ஓரம் விட்டிருந்தால் அதுவும் இல்லை. வண்டியைப் பத்து வருஷம் வைத்திருந்து விற்கப் போகிறவர், இன்வாய்ஸோடு ஒரே ஓனராக இருக்கப் போகிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வண்டி மேல் உள்ள பாசம் எனக்கும் உண்டு. ஓட்டும் சுகம் மட்டும் போதும் என்றால் அதே 1.0 டி.எஸ்.ஐ. இன்ஜினோடு 6 ஸ்பீடு மேனுவல் கியர் வந்த போலோ ஹைலைன் பிளஸ்ஸைத் தேடுங்கள். பேட்ஜ் இல்லாததால் விலை குறைவு, கையில் ஓட்ட அதுதான் எனக்குப் பிடித்தது.

சித்தப்பா மகன் கருங்கல் வண்டியையே எடுத்தான். லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியிருந்தது, அதை விலையில் கழித்தோம். பெயர் மாற்றத்துக்கு 30 நாள் கெடு இருந்தாலும் அவன் லீவு முடிய 11 நாளே இருந்ததால் பெயர் மாற்ற விண்ணப்பமான ஃபாரம் 29ம் 30ம் அன்றைக்கே கையெழுத்தாகி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் வாங்கியவர் பெயருக்கு மாற்ற வேண்டும், பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) நமக்கு வராது, அது அவரோடு போய்விடும். அதற்கு வித்தியாசத் தொகை கட்ட வேண்டி வந்தது, அந்தப் பணத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.