டர்ன்டேபிள் கையின் உயரத்தையும் கார்ட்ரிட்ஜின் நேரையும் சரிசெய்யும் முறை

தருமபுரியில் இந்த வேலை தெரிந்தவர் எனக்கு யாரும் கிடைக்கவில்லை; அதனால் நானே செய்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இசைத்தட்டின் கடைசிப் பாடலில், மையத்தை நெருங்க நெருங்க, ‘ச’வும் ‘ஷ’வும் சீறலாகக் கேட்குமானால் முதலில் பார்க்க வேண்டியது, டர்ன்டேபிளின் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவியின்) கை சரியான உயரத்தில் இருக்கிறதா, அதன் முனையில் ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜ் நேராக இருக்கிறதா என்பதைத்தான்.

தரைக்குப் போட்டு மிஞ்சிய கிருஷ்ணகிரி கிரானைட் துண்டொன்றின்மேல் டர்ன்டேபிளை வைத்திருக்கிறேன். விலை கொடுத்து வாங்கும் மேடைகளைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. கொத்தனாரின் ரசமட்டத்தைச் சுழல்தட்டில் வைத்துச் சமன் பாருங்கள். அடுத்து, ஊசியின் அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். என்னுடைய ஆடியோ டெக்னிக்கா வி.எம்.95இ கார்ட்ரிட்ஜுக்கு அது 2 கிராம். அதைச் சிறிய டிஜிட்டல் தராசில் அளந்து பார்ப்பதே நம்பகமானது.

உயரம் பார்க்கும்போது தட்டு வெறுமையாக இருக்கக் கூடாது. வழக்கமாகக் கேட்கும் இசைத்தட்டைப் போட்டு, சுழலாத நிலையில் ஊசியை அதன்மேல் இறக்கி, கோடு போட்ட அட்டையொன்றைக் கைக்குப் பின்னால் நிறுத்தி, கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால், கைக்குழாய் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஒலி மந்தமாகவும், உயர்ந்திருந்தால் மெலிந்து கூர்மையாகவும் கேட்கக்கூடும். ஊசிக்கு மூடி போட்டு, கையைத் தாங்கியில் பூட்டிய பின்னரே அடியிலுள்ள உயரப் பூட்டைத் தளர்த்துங்கள். 230 மில்லிமீட்டர் நீளமுள்ள கையை 4 மில்லிமீட்டர் உயர்த்தினால்தான் கோணம் 1 டிகிரி மாறும் என்பதால் அரை மில்லிமீட்டருக்காகக் கவலைப்பட வேண்டாம்.

நான் இரண்டு வாரம் தடுமாறியது, கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்க அச்சிட்டுக்கொள்ளும் புரொட்ராக்டர் தாளில்தான். பேர்வால்ட் என்ற கணக்கீட்டு முறைப்படி அந்தத் தாளில், தட்டின் நடுத்தண்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் இரண்டு புள்ளிகள் உண்டு. ஊசியை எந்தப் புள்ளியில் வைத்தாலும், கார்ட்ரிட்ஜ் அங்கே அச்சிட்ட கட்டங்களுக்கு நேராக நிற்க வேண்டும். எத்தனை முறை திருகினாலும் ஒன்று சரியானால் மற்றொன்று கோணியது. கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்தபோது, ஜெராக்ஸ் கடையில் எடுத்த அந்தத் தாளில் 120.9 இருக்க வேண்டிய இடத்தில் 117 மட்டுமே இருந்தது. பக்கத்துக்குள் அடக்கி அச்சிடும் அமைப்பு படத்தையே சுருக்கியிருந்தது. ஆகவே 100 சதவீத அளவில் அச்சிடச் சொல்லுங்கள். கடையை விட்டு வெளியே வருமுன் அளந்தும் பாருங்கள்.

தாள் சரியென்றால், கார்ட்ரிட்ஜ் நகரும் அளவுக்கு மட்டும் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, முன்னும் பின்னும் நகர்த்தியும் மெல்லத் திருப்பியும் பொருத்துங்கள். கார்ட்ரிட்ஜின் உடலை நம்பாமல், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு கோட்டோடு ஒன்றுகிறதா என்பதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தண்டு சற்றுக் கோணியிருப்பது அரிதன்று. திருகை இறுக்கும்போதும் கார்ட்ரிட்ஜ் நகரும் என்பதால், இறுக்கிய பிறகு இரு புள்ளிகளையும் மீண்டும் சோதியுங்கள். கார்ட்ரிட்ஜ் இடம் மாறினால் ஊசியின் அழுத்தமும் மாறும். அதையும் மறுபடி அளக்க வேண்டும்.

பின்சேர்க்கை: பாலக்கோட்டு வாசகர் ஒருவர், எல்லாவற்றையும் செய்த பின்னும் ஒலி மந்தமாக இருப்பதாக எழுதினார். ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டுத் தடிமனான கார்க் விரிப்பைப் போட்டிருக்கிறார். விரிப்பு தடித்தால் இசைத்தட்டு உயரும். கையின் பின்பக்கத்தையும் அதே அளவு உயர்த்த வேண்டும்.